விலாசம் தப்பிய புரதம்

கே: மாலைக்கண்ணுக்கு முருங்கைக்கீரை போதும் என்கிறார் எங்கள் அப்பத்தா. பரம்பரையாக வரும் மாலைக்கண் மட்டும் ஏன் கீரைக்குக் கட்டுப்படுவதில்லை? (வாசகர், மேலூர்)

ப: சரக்கு இருந்தும் விலாசம் தப்பினால் பார்சல் எப்படி வந்து சேரும்? விழித்திரைக் கோல் செல்லில் வெளிச்சத்தைப் பிடிக்கும் நுனிப்பகுதி, உருமாறிய ஒரு குற்றிழை (செல்லின் மயிரிழை போன்ற நீட்சி). ரோடாப்சின் என்ற ஏற்பிப் புரதம் செல்லுக்குள் தயாராகி அங்கே போக வேண்டும். அதன் 348 அமினோ அமிலங்களில் கடைசிச் சிலவற்றில்தான் விலாசம். பரம்பரை மாலைக்கண்ணில் ஒரு வகையில், 347-ஆவது மாறினாலே புரதம் வழிதவறும். கோல் செல்கள் மெல்லச் சாகும். கீரை வைட்டமின் ஏ சத்துக்கு வழிசெய்யும், விலாசத்தைத் திருத்தாது.

அப்பத்தா சொல்லும் கீரையை நிறுத்தாதீர்கள். ஆனால், அந்தியில் பிள்ளை தடுமாறினால் மதுரை அரவிந்த் போன்ற கண் மருத்துவமனையில் விழித்திரைப் பிரிவில் காட்டுங்கள். குடும்பத்தில் வேறு யாருக்கு இருந்தது என்பதையும் சொல்லுங்கள்.