மொட்டைமாடிக்குப் போன அடுப்பு

செங்கோட்டையில் நாங்கள் குடியிருந்த தெருவில், விருந்தாளி வருகிறார்கள் என்றால் முதல் வேலை மரத்தூள் அடுப்பைப் புறவாசலுக்குக் கடத்துவதுதான். பம்ப் ஸ்டவ் வைத்திருந்தவர்கள் அதைப் புளி போட்டுத் தேய்த்துப் பார்வையில் படும்படி வைப்பார்கள். மலைக்கு அந்தப்புறத்து மரமெல்லாம் வந்து இறங்கும் ஊர் அது. அறுப்பு மில்லுக்குக் குறைவில்லை. தூள் சாக்குக் கணக்கில் கிடைக்கும், விலையும் சொற்பம். தெருவே அதில் சமைத்தது, தெருவே அதை மறைத்தது.

அடுப்பு என்றால் பெரிய சமாச்சாரம் ஒன்றுமில்லை. பலகாரக் கடையில் எண்ணெய் தீர்ந்த 15 கிலோ டின் ஒன்று. மேல்பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டு, அடியில் ஒரு பக்கம் கை நுழைகிற மாதிரி ஓட்டை போட்டால் ஆயிற்று. வித்தை முழுக்கத் தூளைத் திணிப்பதில் இருந்தது. டின்னின் நடுவே ஒரு பாட்டிலைச் செங்குத்தாக நிறுத்தி, பக்க ஓட்டை வழியாக ஒரு உருட்டுக்கட்டையை அதன் அடியில் முட்டும்படி செருகி, சுற்றிலும் தூளைக் கொட்டிக் கொட்டி அம்மா கைமுஷ்டியால் இடிப்பாள். விளிம்பு வரை இறுகியதும் பாட்டிலைத் திருகித் திருகி மேலே உருவ வேண்டும், கட்டையையும் அப்படியே. உள்ளே ‘ட’ எழுத்து மாதிரி ஒரு வழி நிற்கும். கீழே காகிதத்தைக் கொளுத்திச் செருகினால், கங்கு உள்சுவரிலிருந்து வெளிப்பக்கமாக நிதானமாகத் தின்றுகொண்டே போகும். சோறு, குழம்பு, கடைசியில் குளிக்க வெந்நீர் என்று ஒரே திணிப்பில் மத்தியானம் வரை ஓட்டிவிடலாம். பாட்டிலை அவசரப்பட்டு உருவினால் சுவர் சரியும். சரிந்தால் அன்றைக்கு வீடு முழுக்கப் புகைதான். அந்த நேரத்தில் அம்மா பேசிய தமிழை எந்தப் பத்திரிகையும் அச்சிடாது.

அதற்குத் தோதான பாட்டில் பிராந்தி பாட்டில்தான். தோள் அகலம், உடம்பு நேர். குடிக்கிற ஆள் ஒருவர்கூட இல்லாத எங்கள் வீட்டில் அடுப்புக்கென்றே ஒன்று இருந்தது. அடுப்பை மறைக்க மறந்தாலும் அம்மா அதை மறைக்க மறந்ததில்லை.

கேஸுக்குப் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த காலம். ஒருவழியாக வந்தபோது மறைப்பு இரண்டாயிற்று. ரேஷன் கார்டில் கேஸ் முத்திரை விழுந்தால் மண்ணெண்ணெய் அளவு குறையும். எனவே விருந்தாளிகளுக்கு எங்கள் வீட்டில் மரத்தூள் அடுப்பு கிடையாது. ரேஷன் கடைக்கு எங்கள் வீட்டில் கேஸ் கிடையாது. நாங்கள் எதில்தான் சமைத்தோம் என்பது வெளியார் எவருக்கும் தெரியாத ரகசியமாக இருந்தது.

புகையைப் பற்றி யாருமே யோசிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. ஹைதராபாத் பொறியாளர் எஸ்.பி. ராஜு, புகையில்லாச் சமையலறை பற்றி எழுதிய சிறு புத்தகம் 1953இல் சென்னையில்தான் அச்சானது. 1980களில் மத்திய அரசு புகையில்லா அடுப்பைத் தேசியத் திட்டமாகவே நடத்தியது. எங்கள் அடுப்படிக்கு இரண்டும் வந்து சேரவில்லை.

இப்போது என் அக்கா மகன் சென்னையில் ‘கேம்ப் ஸ்டவ்’ செய்திருக்கிறான். பழைய டின்களை வைத்துச் செய்வது என்பதுதான் அதன் பெருமை. வீட்டில் பழைய டின் ஏது? எண்ணெய் பாக்கெட்டில் வருகிறது, பால்பவுடர் பாக்கெட்டில் வருகிறது. ஆகவே பழைய டின்னுக்காகப் புது டின் வாங்கினான். டின்னைக் காலிசெய்ய வேண்டிய கட்டாயத்தில் குடும்பமே சர்க்கரைப்பாகில் ஊறிய அன்னாசியை முகம் சுளித்துக்கொண்டு தின்றது.

காட்டுக்குள் கொண்டுபோய் மூட்டவும் வழியில்லை. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் மாண்டபிறகு கெடுபிடி அதிகம், இருக்கவும் வேண்டும். அதனால் அடுக்ககத்தின் மொட்டைமாடியே காடு. விரல் பருமனுக்கு நறுக்கிய விறகு அட்டைப்பெட்டியில் கூரியரில் வந்தது.

“ஏல, கேஸ் தீந்துபோச்சா?” என்று கேட்டபடி அம்மாவும் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

பெரிய டின்னுக்குள் சின்ன டின். வெளி டின்னின் அடியில் ஓட்டைகள். உள் டின்னுக்கு அடியிலும் கழுத்தைச் சுற்றியும் ஓட்டைகள். விறகை உள்ளே நிறுத்தி உச்சியில் பற்றவைத்தான். “தலையில பத்தவைக்கிற அடுப்பை இப்பதான் பாக்கேன்” என்றாள் அம்மா. அடியில் நுழையும் காற்றில் ஒரு பங்கு விறகுக்குப் போகிறது. மிச்சம் இரண்டு சுவருக்கும் நடுவே சூடேறி, கழுத்து ஓட்டை வழியாக வந்து, மேலே கிளம்பும் புகையையே கொளுத்திவிடுகிறது. கொஞ்ச நேரத்தில் கேஸ் பர்னர் போலவே ஓட்டைக்கு ஓட்டை தனித்தனிச் சுடர். கிண்டல் செய்யத் தயாராக இருந்த நானும் வாயை மூடிக்கொண்டேன்.

“புகையைக் காணமே?”

“புகைன்னா என்ன ஆச்சி, பாதி எரியாத விறகுதானே. இதுல அதுவும் எரிஞ்சிரும்.”

அம்மா கொஞ்சம் யோசித்தாள். “அப்ப அம்புட்டு வருசமும் நான் முழுங்கினது விறகையா?”

அவன் வீடியோ எடுத்துக்கொண்டிருந்ததால் பதில் சொல்லவில்லை.

மறுநாள் மாடியில் தீ மூட்டக் கூடாது என்று குடியிருப்போர் சங்கம் சுற்றறிக்கை விட்டது. வீடியோ பரவியதும் அதே சங்கத்தின் செயலாளர் வீட்டுக்கே வந்துவிட்டார். பொங்கல் விழாவில் பாரம்பரிய அடுப்பு என்று அதை நடுவில் வைக்க வேண்டுமாம். தீயணைப்பு விதி இடிக்கும் என்பதால் ஒரே ஒரு சின்னத் திருத்தம்: டின்னுக்குள் குட்டி கேஸ் பர்னர் ஒன்றை வைத்துவிட முடியுமா? போட்டோவில் தெரியாது என்கிறார்.