வாக்குப்பதிவு முடிந்த பிறகு எரியவும்

அரசுத் துறைகள் ஒன்றுக்கொன்று உதவிக்கொள்வதில்லை என்று புலம்புகிறவர்கள் 2024 ஏப்ரலில் உத்தராகண்ட் பக்கம் ஒரு நடை போய்ப் பார்த்திருக்கலாம். காடு எரிகிற மாதம். தேர்தல் வேலைக்கு ஆள் வேண்டும் என்றார்கள். வன ஊழியர்களை அனுப்பிவைத்தார்கள். ஓட்டு இல்லாத மரம் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளாதா என்ன?

மே மாதம் உச்ச நீதிமன்றம் இதைக் கேட்டது. அரசுத் தரப்பு அசரவில்லை: தேர்தல் வேலைதான் முடிந்துவிட்டதே! எழவு வீட்டுக்குப் போய், டாக்டர் இப்போது சும்மாதான் இருக்கிறார் என்று சொல்வதைப் போல.

நிதி? 10 கோடி கேட்டார்களாம், 3.15 கோடி வந்ததாம். மீதியை மழைக்கணக்கில் எழுதிக்கொண்டார்கள் போலிருக்கிறது. மழைக் கடவுளை நம்பி உட்கார முடியாது என்று நீதிபதிகளே சொல்ல வேண்டியதாயிற்று. நவம்பர் முதல் 398 தீ, அத்தனையும் மனிதர் வைத்தது என்றும் கோர்ட்டில் சொன்னார்கள். சரி ஐயா, வைத்தது மனிதன். அணைக்க வேண்டியது யார், ஆவியா?

விஞ்ஞானத்தில் குறையே இல்லை. இந்திய வன அளவை நிறுவனம் செயற்கைக்கோள் வழியே தீயைக் கண்டு எஸ்.எம்.எஸ். அனுப்பிவிடுகிறது. வானத்தில் புறப்பட்ட அந்த எச்சரிக்கை கடைசியில் மலைச்சரிவில் ஒரு தினக்கூலியிடம் வந்து நிற்கிறது. அவர் கையில் இருப்பது பச்சைப் பைன் கிளை. உதிர்ந்து கிடக்கும் பைன் ஊசிகள்மேல் ஊர்ந்து வரும் தீயை அதால் அடித்து அடித்து அணைக்க வேண்டும். கிளை கருகினால் இன்னொன்றை ஒடித்துக்கொள்ளலாம். அதற்கு மட்டும் டெண்டர் கிடையாது.

ஹெலிகாப்டரே வரவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகும். நைனிடாலில் உயர் நீதிமன்றக் குடியிருப்புப் பக்கம் தீ நெருங்கியதும் விமானப்படை வந்தது. பீம்தால் ஏரியில் தண்ணீர் மொண்டு மொண்டு கொட்டியது. விலாசம் பார்த்து வரத் தெரிந்த ஹெலிகாப்டர்.

ஜூன் 13. அல்மோரா மாவட்டம், பின்சார் சரணாலயம். தீயணைக்க 8 பேர் ஒரே வண்டியில் போனார்கள். 4 பேர் அங்கேயே கருகினார்கள், மற்ற 4 பேரும் தீக்காயத்தோடு மருத்துவமனைக்குப் போனார்கள். செத்தவர்களில் தினக்கூலி உண்டு, தீக்காவலர் உண்டு. செயலர் மட்டத்தில் ஒருவரும் இல்லை. இரங்கல் அறிவித்தார்கள், நிவாரணம் அறிவித்தார்கள், அதிகாரிகளை சஸ்பெண்ட் செய்தார்கள்.

மறுநாள் ஹெலிகாப்டர் வந்தது, வாளியோடு.