துவைத்த ஜெர்சி

2018 செப்டம்பர் 29, சனிக்கிழமை சாயங்காலம். எங்கள் வீட்டு மொட்டைமாடிக் கொடியில் என்னுடைய சென்னையின் எஃப்.சி. ஜெர்சி சொட்டச் சொட்டத் தொங்கிக்கொண்டிருந்தது. பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது, நாளைக்கு நாங்கள் தோற்கப் போகிறோம்.

அந்த ஜெர்சி மார்ச் 17-க்குப் பிறகு தண்ணீரைப் பார்த்ததில்லை. இடது கைப் பக்கம், தோளுக்குக் கொஞ்சம் கீழே, பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் சாப்பிட்ட வடையின் சட்னி ஒரு சொட்டு விழுந்து, காய்ந்து, கிட்டத்தட்ட இலங்கை வரைபடம் மாதிரி படிந்திருந்தது. அந்தச் சொட்டு விழுந்த அன்று ராத்திரிதான் நாங்கள் ஐ.எஸ்.எல். கோப்பையை ஜெயித்தோம். அதுவும் எங்கே? பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியத்தில், பெங்களூரு எஃப்.சி.யை, அவர்கள் ஊர்க்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. லீக்கில் அவர்கள் 40 புள்ளியோடு முதலிடம், நாங்கள் 32-ஓடு இரண்டாமிடம். ஒன்பதாவது நிமிஷத்தில் சுனில் சேத்ரி கோல் போட்டதும் ஊரே முடிவு கட்டிவிட்டது. அப்புறம் எங்கள் பிரேசில்காரர் மெயில்சன் ஆல்வ்ஸ் இரண்டு கார்னரை இரண்டு தலையால் முட்டி உள்ளே அனுப்பினார் (ஒரே தலைதான், சந்தோஷத்தில் எனக்கு இரண்டாகத் தெரிந்தது). ரஃபேல் அகஸ்டோ மூன்றாவதைப் போட்டார். கடைசியில் மிக்கு ஒன்று போட்டு 3-2 ஆக்கியதை நாங்கள் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. கண்டீரவம் என்றால் சிங்கமாம். குகைக்குள் போய் மீசையை முறுக்கிவிட்டு வந்தோம்.

இப்போது அடுத்த சீசனின் முதல் மேட்ச். அட்டவணை போட்ட புண்ணியவான் யாரோ, அதே பெங்களூரு, அதே கண்டீரவா. நானும் மாமா பையனும் ஒரு மாதமாகத் திட்டம் போட்டிருந்தோம். அதே ரயில், அதே வடை, அதே ஜெர்சி, அதே செருப்பு. இதற்குப் பெயர் மூடநம்பிக்கை இல்லை, சென்டிமென்ட். மூடநம்பிக்கை அடுத்தவர்களுக்கு இருப்பது.

கீழே போய் அம்மாவைக் கேட்டேன்.

“நாத்தம் குடலைப் புடுங்குதுடா. ஊரு விட்டு ஊரு போறே, நாலு பேரு என்ன நினைப்பாங்க? பார் சோப்பு போட்டு, கல்லுல நாலு அடி அடிச்சேன், கறை பளிச்சுனு போயிடுச்சு.”

இலங்கை கடலில் மூழ்கிவிட்டது.

நான் ஆதரிக்கும் அணியின் பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். சென்னையின். சென்னையின் என்ன? தமிழாசிரியர் யாரிடமாவது கேட்டால், பின்னால் ஒரு பெயர்ச்சொல் வராமல் இந்தச் சொல் நிற்காது என்பார். 2014-இல் அணி தொடங்கியதிலிருந்து அந்தப் பெயர்ச்சொல்லுக்காகத்தான் காத்துக்கொண்டிருக்கிறோம். 2015-இலும் 2018-இலும் ‘சென்னையின் பெருமை’ என்று பூர்த்தி செய்துகொண்டோம். மற்ற வருஷங்களில் என்ன போட்டுப் பூர்த்தி செய்தோம் என்பதைக் குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை சென்ட்ரலில் மாமா பையன் என்னை முகர்ந்து பார்த்தான். உண்மையாகவே, கிட்ட வந்து, மூக்கை வைத்து. “டேய், சோப்பு வாசனை வருது” என்றான். குரலில் அப்படி ஒரு துக்கம். காட்பாடி வரை அவன் என்னோடு பேசவில்லை. வடை வந்தது. இரண்டு வாங்கி, சட்னியை இடது கையில் அதே இடத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். சொட்டு நிற்காமல் முழங்கை வரை வழிந்தது. வேண்டுமென்று விட்டால் சட்னிக்குக்கூடத் தெரிந்துவிடுகிறது.

இவ்வளவுக்கும் டிக்கெட்டில் கோட்டை விட்டவன் அவன்தான். மார்ச்சில் எங்கள் ஆட்களோடு உட்கார்ந்திருந்தோம். இந்த முறை அவசரத்தில் எதையோ அமுக்கி, பெங்களூரு ரசிகர்கள் நடுவே இரண்டு சீட் வாங்கி வைத்திருந்தான். கேட்டால், “வ்யூ நல்லா இருக்கும்டா” என்கிறான். கண்டீரவாவில் மைதானத்தைச் சுற்றி ஓட்டப் பந்தய டிராக் ஓடுகிறது. எங்கே உட்கார்ந்தாலும் ஆட்டக்காரர்கள் அடுத்த தாலுகாவில்தான் தெரிவார்கள்.

நல்லவேளையாக, எங்கள் ஜெர்சியும் நீலம், அவர்கள் ஜெர்சியும் நீலம். எங்கள் ரசிகர் குழு பி ஸ்டாண்ட் ப்ளூஸ், அவர்களுடையது வெஸ்ட் பிளாக் ப்ளூஸ். காவிரித் தண்ணீரைப் பங்கு போடத் தெரியாத இரண்டு ஊர்கள் நீல நிறத்தை மட்டும் சண்டையில்லாமல் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. முதுகுப் பையை முன்பக்கம் மாட்டிச் சின்னத்தை மறைத்துக்கொண்டால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. மறைத்துக்கொண்டோம். நடப்புச் சாம்பியனின் ரசிகர்கள், கிளம்பியபோது மீசையை முறுக்கியவர்கள், குழந்தையைத் தூக்கி வைத்திருப்பவர்கள் போல ஆளுக்கொரு பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

பக்கத்து சீட்டில் அல்சூர்க்காரர் ஒருவர். நல்ல தமிழ். அது எனக்கு இன்னும் கஷ்டமாகப் போயிற்று. கன்னடத்தில் திட்டினால் காதில் போட்டுக்கொள்ளாமல் இருந்திருக்கலாம்.

“என்ன தம்பி, இன்னிக்கு பழி தீர்த்துருவோம்ல?” என்றார்.

“தீர்த்துருவோம்ணே” என்றேன். வேறு என்ன சொல்ல? எதிர்மூலையில் எங்கள் ஆட்கள் மேளம் தட்டுவது மெலிதாகக் கேட்டது. வாசலில் நின்றுகொண்டு கல்யாணத்தைப் பார்ப்பது போல இருந்தது.

ஆட்டம் ஒன்றும் மோசமில்லை. இதைத்தான் நான் ஆபீஸில், வீட்டில், டீக்கடையில் எல்லாம் சொல்லிப் பார்த்தேன், யாரும் நம்பவில்லை. முதல் பாதியில் எங்களுக்கு நல்ல வாய்ப்புகள் வந்தன. எங்கள் முன்னணி ஆட்டக்காரர் மிசோரத்துக்காரர் ஜெஜே லால்பெக்லுவா. ஸ்டேடியம் ஜே ஜே என்று இருந்தது, ஜெஜேதான் அன்றைக்கு ஜெஜேவாக இல்லை. பந்து அவர் காலுக்கு வரும்போதெல்லாம் நான் பையை இறுக்கி அணைத்துக்கொண்டு எழுந்திருப்பேன். அது வலைக்குப் போகாதபோது அல்சூர் அண்ணன் நிம்மதியாக மூச்சு விடுவார், நானும் அவரோடு சேர்ந்து நிம்மதியாக மூச்சு விட வேண்டும். நாடகத்தில் நடிக்கலாம். தொண்ணூறு நிமிஷம் வில்லன் பக்கம் உட்கார்ந்து நடிப்பது பெரிய அவஸ்தை.

41-வது நிமிஷம், மிக்கு. அதே வெனிசுவேலாக்காரர். மார்ச்சில் கடைசி நிமிஷத்தில் அவர் போட்ட கோலை நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை என்றேன் அல்லவா? அவர் எடுத்து வைத்திருந்திருக்கிறார். கரன்ஜித் சிங்கைத் தாண்டிப் பந்து உள்ளே போனதும் ஸ்டேடியம் எழுந்தது. அல்சூர் அண்ணன் என்னைக் கட்டிப்பிடித்தார். நடுவில் முதுகுப் பை மட்டும் இல்லாவிட்டால் என் நெஞ்சில் இருந்த சென்னைச் சின்னம் அவர் நெஞ்சில் அச்சாகியிருக்கும். “சொன்னேன்ல! சொன்னேன்ல!” என்று என் முதுகில் அடித்தார். எதிரி கோல் போட்டதற்கு என்னளவுக்குப் பாராட்டு வாங்கிய சென்னை ரசிகன் இன்னொருவன் இருக்க முடியாது. அந்தப் பக்கம் மாமா பையன் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தான். அப்புறம் கேட்டதற்கு, “பாதுகாப்புக்காகத் தட்டினேன்” என்றான். கொஞ்சம் கூடுதலாகவே தட்டினான்.

இரண்டாம் பாதியைச் சொல்ல ஒன்றுமில்லை. பயிற்சியாளர் ஜான் கிரிகரி கோட்டோரம் நின்று கையை ஆட்டினார், நாங்கள் பைக்குள் விரலை மடக்கி வேண்டிக்கொண்டோம், இரண்டுக்கும் ஒரே பலன். 1-0.

மெஜஸ்டிக்குக்கு ஆட்டோவில் வந்து மெயிலைப் பிடித்தோம். எதிர் பர்த்தில் வயதானவர் ஒருவர், பல்செட்டைக் கழற்றி டப்பாவில் போடப் போனவர், எங்கள் நீலச் சட்டையைப் பார்த்து நிறுத்தினார்.

“மேட்ச் பாத்துட்டு வர்றீங்களா? வழியெல்லாம் இதே சட்டை போட்டுக்கிட்டு ஒரே ஆட்டம் பாட்டம். ஜெயிச்சுட்டீங்களாமே?”

நான் மாமா பையனைப் பார்த்தேன், அவன் என்னைப் பார்த்தான்.

“ஆமா சார்.”

“சந்தோஷம். நல்லா இருங்க” என்று சொல்லிவிட்டுப் பல்லைக் கழற்றினார். பாராட்டில் பொய் கலந்திருந்தாலும் தூக்கம் நன்றாகத்தான் வந்தது. ஜோலார்பேட்டை எப்போது போயிற்று என்றே தெரியாது.

திங்கட்கிழமை ஆபீஸில் வாடிய முகத்தோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேஜைக்காரர் விசாரித்தார். மேட்ச் தோற்றுவிட்டோம் சார் என்றேன். அவருக்குத் திக்கென்றது. “யோவ், வெள்ளிக்கிழமையே ஜெயிச்சாச்சே? கடைசி பால்ல?” அவர் சொன்னது துபாயில் நடந்த ஆசியக் கோப்பை கிரிக்கெட் ஃபைனல், இந்தியா-பங்களாதேஷ். நான் சொன்னது கால்பந்து என்று விளக்கியதும் அவர் முகத்தில் நிம்மதி திரும்பியது. “ஓ, அதுவா!” என்றுவிட்டு ‘செக்கச் சிவந்த வானம்’ பார்த்தாச்சா என்று கேட்டார். இந்த ஊரில் கால்பந்து ரசிகனுக்கு இழவு விழுந்தால் பந்தல் போடக்கூட ஆள் வராது.

அம்மா மட்டும்தான் ஒழுங்காகத் துக்கம் விசாரித்தாள். “தோக்கறதுக்கு எதுக்குடா அவ்ளோ தூரம் போகணும்? இங்கேயே பெரியமேட்டுல தோக்கக் கூடாதா?”

அம்மா வாய் முகூர்த்தம், ஆறே நாளில் பலித்தது. அக்டோபர் 6, நேரு ஸ்டேடியம், கோவாவிடம் 3-1. அப்புறம் நிற்கவே இல்லை. முதல் வெற்றியைப் பார்க்க நவம்பர் ஆகிவிட்டது, அதுவும் புனேயில் போய். 18 மேட்ச், 2 வெற்றி, 9 புள்ளி, பத்து அணியில் பத்தாவது. நடப்புச் சாம்பியன் அடுத்த வருஷமே கடைசி. பெங்களூரு அந்த வருஷம் கோப்பையை வாங்கியது. நிபுணர்கள் ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். எல்லாம் சரியாக இருக்கலாம். ஆனால் அவர்களில் ஒருவர்கூட எங்கள் வீட்டுத் துவைகல்லைப் பார்த்ததில்லை.

அந்த இரண்டாவது வெற்றி யார் மேல் தெரியுமா? பெங்களூரு மேலேயே. 2019 பிப்ரவரி 9, சனிக்கிழமை, நம்ம ஊரில், 2-1. நான் பார்க்கவில்லை. தை மாதம், அம்மா வழியில் ஒரு ரிசப்ஷன், போகாமல் இருக்க முடியாது என்று இழுத்துக்கொண்டு போய்விட்டாள். ஐஸ்கிரீம் வரிசையில் நிற்கும்போது மாமா பையன் ஸ்டேடியத்திலிருந்து போன் செய்தான். பின்னால் ஒரே மேளம்.

“டேய், ஜெயிச்சுட்டோம்டா!”

நான் கத்தியதில் மாப்பிள்ளையே திரும்பிப் பார்த்தார்.

“ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதே. இனிமே பெங்களூரு மேட்சுன்னா நீ கல்யாணத்துக்குப் போயிடு.”

“யார் கல்யாணத்துக்குடா?”

“யாராவது கல்யாணத்துக்கு.”