தொலியைக் கீழ போடலாம், மருமவனே

சிங்கப்பூர்ல வேலை கெடச்சு, பாஸ்போர்ட்டைச் சாமி படத்துக்கு முன்னால வச்சு எடுத்த கையோட நீ செஞ்ச மொதல் காரியம், ராஃபிள்ஸ் ஓட்டல் லாங் பார் படத்தைப் போன்ல வச்சுக்கிட்டு அச்சன்புதூர் டீக்கடை பூராவும் காட்டுனதுன்னு கேள்விப்பட்டேன். சந்தோசம் மருமவனே. இந்தப் பக்கத்துல இருந்து கப்பலேறிப் போனவனெல்லாம் மொதல்ல படுக்க எடம் தேடுனான். நீ குடிக்க எடம் பாத்து வச்சுட்டுப் போற. தலமுறை முன்னேறிட்டுன்னு ஒங்கம்மைட்ட சொன்னேன். அவ அகப்பையோட வெளிய வந்தா, நான் செருப்பைக் கூட மாட்டாம நடையைக் கட்டிட்டேன்.

போவாதன்னு சொல்லலடே. போ. மாமனும் போயிட்டு வந்துதான் பேசுதேன். பெரியவ பிரசவத்துக்கு அங்க இருந்தப்போ மாப்பிள்ளை கூட்டிட்டுப் போனாரு. நான் குடிச்சது எலுமிச்சை ஜூஸ். நம்புனா நம்பு.

ஓட்டல் இருக்க தெருவுக்குப் பேரு பீச் ரோடு. கடல் எங்கன்னு எவன்கிட்டயும் கேட்டு மானத்தை வாங்காத. 1887-ல ஓட்டல் தொறந்தப்ப வாசலுக்கு நேர கடல் கெடந்துது. பெறவு மண்ணைக் கொட்டித் தூத்துத் தூத்து அதைத் தள்ளிக் கொண்டுபோயி விட்டுட்டாவ. கடல் போச்சு, கடலை இருக்கு. அந்தக் கடலைக்குத்தான் நீயும் போற.

ஓட்டலுக்குச் சொந்தக்காரன் யாருன்னு விசாரிச்சா தலை சுத்தும். தொறந்தது சார்க்கீஸ்னு அர்மீனியாக்கார அண்ணன் தம்பிமாரு. பேரு வச்சது ராஃபிள்ஸ்ங்க இங்கிலீஷ் துரைக்கு. பேரு வாங்கிக் குடுத்த சரக்கைக் கலக்குனது ஞியாம் டோங் பூன்னு ஹைனான் சீனன். வாசல்ல நின்னு சலாம் வைக்குறது தலப்பா கட்டுன சர்தார். 2010-லேர்ந்து சொத்து கத்தார்க்காரன் கையில. கத்தார்ல ரோட்டுல நின்னு ஒரு மொடக்கு குடிச்சாப் புடிச்சு உள்ள வச்சுருவான். அதை நாம பேசப்படாது, பெரிய எடத்து யாவாரம்.

இனி அந்த லாங் பாரோட பழமையைப் பத்திச் சொல்லுதேன், மெல்லக் கேளு. நீ பாக்கப்போற லாங் பாரு, அந்தச் சீனன் நின்னு கலக்குன எடத்துல இல்ல. 1989-ல ஓட்டலை மூடி 1991-ல மறுபடி தொறந்தப்ப, பாரைக் கெளப்பிக் கொண்டுபோயி ஆர்க்கேடு மாடியில வச்சுட்டாவ. உள்ள இருக்க அலங்காரம் 1920-கள்ல மலாயா தோட்டத்து பங்களா எப்படி இருந்துருக்கும்னு மனசுல நெனச்சுச் செஞ்சது. 2017-ல திரும்பவும் கை வச்சு, 2019 ஆகஸ்ட்ல ஓட்டலைத் தொறந்தாவ. ஆக, நீ தொட்டுக் கும்பிடப் போற பழங்காலத்துக்கு ஒன் வயசு கூட ஆகல. நம்மூர்ல ஒருத்தன் பழைய தூணைப் புது வீட்டுல நட்டு வச்சுட்டு, பாட்டன் காலத்து வீடுன்னு சொன்னா ஊரே சிரிக்கும். அங்க வரிசையில நிக்காவ.

ஆனா செஞ்சதை நல்லாச் செஞ்சுருக்கான், குத்தம் சொல்லப்படாது. மரச் சுழல் படி, பிரம்பு நாற்காலி, கையகலத்துக்கு வெளிச்சம். அண்ணாந்து பாத்தா கூரை முழுக்க ஓலை விசிறி வரிசையாத் தொங்குது. மோட்டார் ஒண்ணு எல்லாத்தையும் சேர்த்து அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆட்டுது. துரைமாரு காலத்துல மூலையில ஒருத்தன் குத்த வச்சுக் கயிறை இழுத்துட்டு இருப்பான். இப்ப கயிறும் இல்ல, இழுக்கவனும் இல்ல, விசிறி மட்டும் ஆடுது. கீழ ஏசி. ஏசியில ஓலை விசிறி எதுக்குன்னு மாப்பிள்ளைட்ட கேட்டேன். “மாமா, படம் எடுக்கதுக்கு”ன்னாரு. வெவரமான மனுசன்.

உக்காந்ததும் மேசையில சாக்குப் பையில தொலியோட கடலை. உரி, தின்னு, தொலியைத் தரையில போடு. அதுதான் அங்க சம்பிரதாயம். தோட்டத்துலேர்ந்து டவுனுக்கு வந்த துரைமாரு அப்படிப் போட்டாவளாம். தரை பூராவும் தொலி, நடந்தா நொறுக்கு நொறுக்குன்னு சத்தம். வெள்ளைக்காரப் பொம்பளை ஒருத்தி, அறுபது வயசு இருக்கும், ஒரு தொலியை எடுத்து ரெண்டு பக்கமும் பாத்தா. யாரும் பாக்கலன்னு தெரிஞ்சதும் மெல்லக் கையை விட்டா. விழுந்ததும் ஒரு சிரிப்பு வந்துது பாரு, முகத்துல அறுபது வருசம் கொறைஞ்சு போச்சு. அந்தச் சிரிப்புக்குத்தான் அம்புட்டு பேரும் துட்டு குடுக்காவ. வெளிய தெருவுல ஒரு பேப்பரைக் கீழ போட்டா மொதல் தடவைக்கே 300 வெள்ளி, அதான் சிங்கப்பூர் டாலர், தீட்டிருவான். உள்ள போட்டா பாரம்பரியம். குத்தாலத்துல தேங்காப்பழக் கடை வாசல்ல ஒக்காந்து நீ தொலியை ஊதுனதுக்கு நான் முதுகுல வச்சேனே, அன்னைக்கு எனக்குப் பாரம்பரியம் தெரியல, பாத்துக்க.

சரக்கு விசயத்துக்கு வருவோம். சிங்கப்பூர் ஸ்லிங். ஜின்னு, செர்ரி பிராந்தி, அன்னாசிச் சாறு, எலுமிச்சை, இன்னும் வாயில நொழையாத பேருல நாலஞ்சு. நெறம் நம்மூர்க் கொடைக் கடையில விக்குற ரோஸ் கலரு மாதிரி. 1915-ல பொம்பளையாளு நாலு பேரு பாக்கக் குடிக்குறது மரியாதையில்ல. அதனால பாக்க ஜூஸ் மாதிரியும் வயித்துக்குள்ள வேற மாதிரியும் இருக்கட்டும்னு அந்தச் சீனன் கலக்குனதா ஓட்டல்காரன் சொல்லுதான். அதுக்கு முந்தியே ஊருல ஸ்லிங் இருந்துதுன்னு பழைய பேப்பரைத் தூக்கிட்டு வாதாடுதவனும் உண்டு. நீ அந்த வழக்குல தலையிடாத. ஒன் வழக்கு ரசீது வரும்போதுதான். ஒரு கிளாசு 30 வெள்ளிக்கு மேல, அதுக்கு மேல சர்வீஸ், வரி. நம்ம காசுக்கு ரெண்டாயிரத்தைத் தாண்டிரும். டாஸ்மாக் கடையில பத்து ரூவா கூடக் கேட்டதுக்கு நீ சட்டையைப் புடிச்ச ஆளு. அங்க சட்டையைப் புடிக்காத, அவன் சட்டை ஒன் சட்டையை விட வெலை கூட. கடலைக்குத் துட்டு இல்ல; அதனால கிளாசை மெல்லத் தொட்டுக்க, பையை முழுசாக் காலி பண்ணு. நம்மாளுக்குக் கணக்கு தெரியும்னு அவனுக்கும் தெரியட்டும்.

புலிக் கதை ஒண்ணும் சொல்லுவாவ. அது நெசம். 1902-ல சர்க்கஸ்லேர்ந்து தப்புன புலி, அந்த ஓட்டல் பில்லியர்ட்ஸ் அறைக்கு அடியில போயிப் பதுங்கிட்டு. பக்கத்துப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் வந்து சுட்டாரு. மேக்கரை, வடகரைப் பக்கம் ஆனை எறங்கித் தென்னையை முறிச்சுப் போட்டா, நாம மனு எழுதி, மறு மனு எழுதி, ஆபீசு ஆபீசா அலையுதோம். அவன் ஒரே ஒரு புலியை வச்சு நூறு வருசத்துக்கு மேல யாவாரம் பண்ணுதான். அந்த வித்தையைப் படிச்சுட்டு வா, இங்க ஆனைக்கு ஏதாச்சும் செய்வோம்.

எனக்கு வயித்தெரிச்சல் வேற ஒண்ணு. அந்த ஓட்டலை நாட்டுச் சின்னம்னு சிங்கப்பூர் அரசாங்கம் அறிவிச்சது 1987-ல. அதே 1987 ஜனவரியிலதான் தமிழ்நாட்டுல கள்ளுக்குத் தடை வந்துது. ஓலைக் கூரை, மண் கலயம், கையில பட்டை, தொட்டுக்கச் சுட்ட கருவாடு. அம்புட்டும் போச்சு. அங்க மோட்டார் ஓலைக்குச் சின்னம், இங்க பச்சை ஓலைக்கு போலீசு. இன்னைக்குக் கள்ளு வேணும்னா செங்கோட்டை தாண்டிப் புளியரை வழியா மலை ஏறி ஆரியங்காவு போவணும்; கேரளாக்காரன் கப்பையும் மீனும் வச்சு மரியாதையா ஊத்துவான். எனக்கு எப்படித் தெரியும்னு கேக்காத. ஆரியங்காவுல ஐயப்பன் கோயிலும் இருக்கு.

அப்புறம் ஒரு எச்சரிக்கை, இது வெளையாட்டு இல்ல. லாங் பாருல தொலியைப் போட்டுப் பழகிட்டு, அதே தெனாவட்டோட ஞாயித்துக்கெழமை தேக்காவுல, அதான் லிட்டில் இந்தியாவுல, பாட்டிலைத் தூக்கிட்டு நிக்காத. 2013 டிசம்பர் 8-ல அங்க நடந்த கலவரத்துக்குப் பெறவு 2015-ல சட்டம் போட்டாவ. ராத்திரி 10.30-லேர்ந்து காலையில 7 மணி வரைக்கும் பொது எடத்துல எங்கயும் குடிக்கப்படாது. தேக்காவுலயும் கேலாங்லயும் சனி, ஞாயிறு பகல்லயும் அப்படித்தான். ஆறு நாளு கம்பி கட்டிட்டு ஏழாம் நாளு நம்ம பயலுவ கூடுத எடம் தேக்கா. மாடியில ஏசிக்குள்ள குப்பை போடுதது சரித்திரம், புல்லுல ஒக்காந்து ஒரு டின்னு ஒடைக்கது சட்ட மீறல். இது நாயமான்னு நீ போலீசுக்காரன்ட்ட கேக்க வேண்டாம். மனசுல வச்சுக்க, போதும்.

நெசமாப் பழைய உள்கட்டைப் பாக்கணும்னா வழி சொல்லுதேன். ஓட்டல்லேர்ந்து நார்த் பிரிட்ஜ் ரோட்டுல பத்து நிமிசம் நட. செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் வரும். 1856-ல ஆரம்பிச்சு அஞ்சாறு வருசத்துல கட்டி முடிச்சது. கட்டுனது யாரு? இந்தியாவுலேர்ந்து தண்டனைக் கைதியாக் கப்பல்ல ஏத்திக் கொண்டுபோன ஆளுவ. சுவத்துப் பூச்சு மெட்ராஸ் சுண்ணாம்பு: சுண்ணாம்போட முட்டை வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் போட்டு அடிச்சு, தேங்கா மட்டை ஊறுன தண்ணியில கொழைச்சுப் பூசி, காஞ்ச பெறவு வழவழன்னு தேச்சு மினுக்குனது. உள்ள போயித் தூணைத் தடவிப் பாரு. அனுமதிச் சீட்டு இல்ல, ரசீது இல்ல, கடலையும் இல்ல.

அங்கேர்ந்து தஞ்சோங் பகார் பக்கமும் ஒரு எட்டு போ. கடையநல்லூர், தென்காசி ஆளுவ குடும்பம் குடும்பமா இருந்த எடம். தறி ஓடாமப் பஞ்சம் வந்தப்ப பொம்பளையாளுவளும் கப்பலேறிப் போயி, அம்மியில மசாலா அரைச்சு வித்தாவ. 1941-ல கடையநல்லூர் முஸ்லிம் லீக் ஆரம்பிச்சாவ, 1946-ல உமறுப் புலவர் பேருல தமிழ்ப் பள்ளிக்கூடம் நடத்துனாவ. அந்த அம்மியை எவனும் கூரையில தொங்கவிட்டு மோட்டார் வச்சு ஆட்டல. அதனால ஒனக்குத் தெரியல.

மத்தபடி லாங் பாருக்குத் தாராளமாப் போ. ஒரு தடவை போ. முதல் சம்பளத்துல போவாத, அது ஒங்கம்மைக்கு. ரெண்டாவதுல போ. அங்க எடுக்குத படத்தைக் குடும்ப வாட்ஸப் குரூப்புல போடாத; போட்டுத்தான் ஆவணும்னா கிளாசை எலுமிச்சை ஜூஸ்னு எழுது, நான் சாட்சி சொல்லுதேன். எனக்குச் சரக்கெல்லாம் வாங்கியாற வேண்டாம். கோடாலித் தைலம் ரெண்டு குப்பி கொண்டா. முழங்கால் வலி. ஆரியங்காவு மலை ஏத்தம்லா.