முதலில் டேப்பை எடுங்க!

கே: வீட்டு வரியைக் குறைக்க முடியுமா அண்ணாச்சி?
– வாசகர், இடைசெவல்

ப: தப்பாகப் போட்டிருந்தால் முடியும். சரியாகப் போட்டிருந்தால் முடியாது. எது தப்பு, எது சரி என்று தெரிய ஒரு டேப்பும், பிடித்துக்கொள்ள இன்னொரு ஆளும் போதும்.

கே: தப்பு எங்கே இருக்கும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நோட்டீஸைப் பார்த்தால் ஒன்றும் விளங்கவில்லை.
– வாசகி, கோவில்பட்டி

ப: விகிதத்தோடு மல்லுக்கட்டாதீர்கள். அது சென்னையில் முடிவாகி வருவது. பில் கலெக்டரிடம் கத்தினால் அவரால் ஒரு பைசா குறைக்க முடியாது. உங்கள் வீட்டைப் பற்றி அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் பாருங்கள். எத்தனை சதுர அடி? குடியிருப்பா, வணிகமா? என்ன கட்டடம், எவ்வளவு பழசு? ஒரே வீட்டுக்கு இரண்டு வரி எண் ஓடுகிறதா? மேல்முறையீடு ஜெயிப்பதெல்லாம் இங்கேதான்.

நம் ஊரில் மனையைச் செண்டில் சொல்லிப் பழக்கம். ஒரு செண்ட் 435.6 சதுர அடி. இரண்டு செண்ட் மனையில் 560 சதுர அடிக்கு வீடு கட்டிவிட்டு, மிச்சத்தில் வேப்பமரமும் துணி துவைக்கும் கல்லுமாக இருப்பவர்கள் எத்தனை பேர்! வீட்டுக்குள் வராமல் பத்திரத்தைப் பார்த்து 871 என்று குறித்துவிட்டால் அந்த வேப்பமரத்துக்கும் சேர்த்து வரி கட்டுகிறீர்கள்.

அதோடு போகாது. 2022 ஏப்ரலில் வந்த உயர்வில் கோவில்பட்டி போன்ற நகராட்சிகளில் 600 சதுர அடி வரை உள்ள வீட்டுக்கு 25 சதவீதம் கூடியது. 601 முதல் 1200 வரை 50, 1201 முதல் 1800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம். உங்கள் பழைய அரையாண்டு வரி 400 ரூபாய் என்றால் 560 அடிக்காரருக்கு 500 ஆகியிருக்க வேண்டும். 871 என்று எழுதப்பட்டவருக்கு 600. 2024இல் அதன்மேல் 6 சதவீத உயர்வும் வந்தது. ஆண்டுக்கு 6 கூடிக்கொண்டே போனால் ஐந்து வருடத்தில் 500 என்பது 669 ஆகும், 600 என்பது 803 ஆகும். ஒரு நாள் எழுதிய தப்பான எண் வருடா வருடம் குட்டி போடும். சின்ன வீட்டுக்காரருக்குத்தான் இதில் அடி அதிகம். பெரிய கட்டடக்காரருக்கு ஆடிட்டர் இருக்கிறார், அவர் பார்த்துக்கொள்வார். தீப்பெட்டி ஆபீஸ் போய்ச் சம்பாதித்துக் கட்டிய வீட்டுக்கு டேப் பிடிக்க யாரும் வரமாட்டார்கள். அதனால்தான் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

கே: எங்கள் வீடு தாத்தா காலத்துக் காரை வீடு. சுவரே இரண்டடி கனம். எப்படி அளப்பது?
– வாசகர், கழுகுமலை

ப: வெளிச்சுவர் அளவு, உள் அளவு இரண்டையும் எடுத்துத் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் எந்த அளவை எடுத்தார்கள் என்று கேளுங்கள். கனத்த சுவர் உள்ள பழைய வீட்டில் இந்த இரண்டுக்கும் நூறு சதுர அடிக்கு மேல்கூட வித்தியாசம் வரும். திண்ணை, தாழ்வாரம், மாட்டுக்கொட்டம் என்று ஒவ்வொன்றின் அளவையும் தனித்தனியாக எழுதுங்கள். கரிசல் மண் கோடையில் வெடித்து, மழையில் ஊதி, சுவரைப் பிளந்திருக்குமே, அதையும் படம் எடுத்து வையுங்கள். வீட்டின் வயதுக்கு எழுத்தில் ஆதாரம் வேண்டும். பழைய வரி ரசீதோ, முதல் மின் இணைப்புக் காகிதமோ போதும்.

கே: முன் அறையில் ஒரு பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். வீடு முழுவதையும் வணிகம் என்று போட்டுவிட்டார்கள்.
– வாசகர், எட்டயபுரம்

ப: கடை எத்தனை சதுர அடியோ அதற்கு மட்டும் வணிக வரி போடுங்கள், மிச்சத்தைக் குடியிருப்பு என்று பிரியுங்கள் என மனுக் கொடுங்கள். 2022இல் வணிகக் கட்டடத்துக்கு உயர்வே 100 சதவீதம். நீங்கள் படுத்துத் தூங்குகிற அறைக்கு அது ஏன்? ஆனால் கடையே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். பார்வையிட வருகிறவர் வெற்றிலை வாங்கிக்கொண்டு போவார், மனுவும் போய்விடும்.

கே: மனு யாரிடம்? எத்தனை நாளுக்குள்?
– வாசகி, கோவில்பட்டி

ப: நகராட்சியில் முதலில் ஆணையாளருக்கு, சீராய்வு மனுவாக. அவர் உத்தரவில் திருப்தி இல்லையென்றால் வரிவிதிப்பு மேல்முறையீட்டுக் குழு. மன்ற உறுப்பினர்களிலிருந்து தேர்ந்தெடுக்கும் குழு அது. உங்கள் வார்டு உறுப்பினர் அதில் இருக்கிறாரா என்று விசாரியுங்கள், ஓட்டுக் கேட்க வந்தபோது எழுதிக்கொண்ட போன் நம்பருக்கு வேலை வந்துவிட்டது. அதற்கும் மேலே நீதிமன்றம் உண்டு; அரையாண்டுக்கு நூறு ரூபாய் வித்தியாசத்துக்கு அங்கே போக நான் சொல்லமாட்டேன்.

நாள் கணக்கு நோட்டீஸிலேயே அச்சாகியிருக்கும். அது உங்கள் கைக்கு வந்த தேதியை அன்றைக்கே அதன்மேல் எழுதிவிடுங்கள். மனுவை இரண்டு படி எடுத்து, ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். முத்திரை போடத் தயங்கினால் ஸ்பீடு போஸ்ட் இருக்கிறது. வாயால் சொன்னது எந்தக் கோப்பிலும் ஏறாது.

கே: மனுக் கொடுத்துவிட்டேன். தீர்ப்பு வரும்வரை வரி கட்டாமல் இருக்கலாமா?
– வாசகர், கோவில்பட்டி

ப: வேண்டாம். ஆட்சேபணையோடு கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கட்டுங்கள். பாக்கிக்கு மாதம் 1 சதவீதம் வட்டி ஏறும். அரையாண்டு தொடங்கி முப்பது நாளுக்குள் கட்டினால், அதாவது ஏப்ரலிலும் அக்டோபரிலும், 5 சதவீதம் சலுகை உண்டு, 5,000 ரூபாய் உச்சவரம்பு. மேல்முறையீடு ஏதும் செய்யாமலே குறைகிற பணம் இது. விடாதீர்கள்.

கே: நாங்கள் கிராம ஊராட்சி. 2019இல் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த தலைவர் பதவிக்காலம் 2025 ஜனவரியோடு முடிந்தது. யாரிடம் முறையிடுவது?
– வாசகர், நாலாட்டின்புத்தூர் பக்கம்

ப: தலைவர் இருந்தால் தலைவரிடம், கிராம ஊராட்சியில் அவர்தான் நிர்வாக அதிகாரி. அவர் இடத்தில் தனி அலுவலர் இருந்தால் அவரிடம். ஒன்றிய அலுவலகத்தில் வட்டார வளர்ச்சி அலுவலரைப் பாருங்கள். கிராமத்தில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது கூரை. ஓலையா, ஓடா, தளமா என்பதை வைத்து வரி மாறும். ஓட்டு வீட்டைத் தளம் என்று எழுதியிருந்தால் நிமிர்ந்து ஒரு படம் எடுங்கள், அதுவே சாட்சி. அசையாவிட்டால் திங்கட்கிழமை தூத்துக்குடியில் கலெக்டர் நடத்தும் மக்கள் குறைதீர்க்கும் நாள். அளவு எடுத்த பதிவேட்டின் நகல் வேண்டுமென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்.

கே: வி.ஏ.ஓ.விடம் தீர்வை கட்டுகிறேனே, பிறகு ஊராட்சிக்கு எதற்கு?
– வாசகர், பசுவந்தனை

ப: தீர்வை நிலத்துக்கு, வருவாய்த் துறைக்குப் போகிறது. வீட்டு வரி உங்கள் தெருவிளக்குக்கும் குடிதண்ணீர்க் குழாய்க்கும், ஊராட்சிக்குப் போகிறது. தீர்வை ரசீதை நீட்டி வீட்டு வரியைத் தள்ள முடியாது.

கே: இருபது வருடமாக என் பெயரில் வரி ரசீது இருக்கிறது. வீடு எனக்குத்தானே?
– பெயர் வேண்டாம்

ப: ரசீது நீங்கள் வரி கட்டியதற்குச் சாட்சி, உரிமைக்கு அல்ல. நீதிமன்றங்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. பட்டாவையும் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு வக்கீலைப் பாருங்கள். அண்ணன் தம்பியோடு பேசிவிட்டுப் போனால் இன்னும் நல்லது.

கே: கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட மண்ணில் இருந்துகொண்டு மனு எழுதச் சொல்கிறீர்களே!
– இளைஞர், கயத்தாறு

ப: சொல்கிறேன். 1799இல் அவருக்கு மேல்முறையீடு கேட்க ஒரு குழு இருந்ததா? உங்களுக்கு இருக்கிறது. வீட்டு வரிக்கென்றே நடந்த போராட்டம் வேண்டுமா, காசிக்குப் போங்கள். 1810இல் கும்பெனி அரசு வீட்டு வரி போட்டது. ஊரே கடையடைத்து, வேலையை நிறுத்தி, வீட்டை விட்டு வெளியே வந்து கூட்டமாக உட்கார்ந்தது. கும்பெனி முதலில் ஏழைகளின் வீட்டுக்கு விலக்குக் கொடுத்துப் பார்த்தது. கடைசியில் வரியையே கைவிட்டது. ஆய்வாளர் தரம்பால் அந்தப் போராட்டத்தின் ஆவணங்களைத் தேடி எடுத்து 1971இல் நூலாக்கினார். ஆனால் அந்த வரி காசிக்காரர்களைக் கேட்காமல் போட்டது, அதை எங்கே செலவழித்தாய் என்று கேட்கவும் வழியில்லை. உங்கள் ஊரில் நீங்கள் ஓட்டுப் போட்ட மன்றம் இருக்கிறது. வரவு செலவைக் கேளுங்கள், கணக்கு இடித்தால் விடாதீர்கள். அந்தக் கோபத்துக்கு நான் உங்கள் பக்கம்.

கே: எங்கள் ஊரை நகராட்சியோடு சேர்க்கப் போவதாகப் பேச்சு. வரி ஏறுமா?
– வாசகி, கோவில்பட்டி பக்கத்துக் கிராமம்

ப: ஏறும். அதைவிடப் பெரிய கவலை, நூறு நாள் வேலை என்று நாம் சொல்லிப் பழகிய ஊரக வேலை உறுதித் திட்டம். அது கிராமத்துக்கானது, நகரம் ஆனால் நின்றுவிடும். ஆட்சேபணை கேட்டு அறிவிப்பு வரும்போது எழுதிக் கொடுங்கள். கிராம சபையில் தீர்மானமாகவும் கொண்டுவாருங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு நாள் இருக்கிறது.

கே: ரசீதில் நூலக வரி என்று தனியாகப் பிடிக்கிறார்கள். அதையாவது எதிர்க்கலாமா?
– வாசகர், இடைசெவல்

ப: உங்கள் ஊரில் இருந்துகொண்டா? கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் ஒரே ஊரில் பிறந்து இரண்டு பேரும் சாகித்திய அகாதெமி விருது வாங்கியவர்கள். வரி 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி வருவது; வீட்டு வரி ரூபாய்க்குப் பத்துப் பைசா. அதைக் குறைக்கச் சொல்லி நான் எழுதித் தரமாட்டேன். நூலகம் நேரத்துக்குத் திறக்கவில்லை, புதுப் புத்தகம் வரவில்லை என்றால் சொல்லுங்கள், அந்த மனுவைச் சேர்ந்து எழுதுவோம்.

கே: எழுத்து வராது அண்ணாச்சி. நாலு வரியில் ஒரு மாதிரி சொன்னால் பேத்தியை எழுதச் சொல்வேன்.
– பெரியம்மா ஒருவர், விளாத்திகுளம்

ப: பேத்தியைக் கூப்பிடுங்கள் பெரியம்மா. கீழே உள்ளது அப்படியே போதும், எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளட்டும்.

“ஐயா, என் வீட்டு வரி எண் இது. நோட்டீஸ் இந்தத் தேதியில் கிடைத்தது. அதில் வீடு 871 சதுர அடி என்று உள்ளது. அளந்து பார்த்ததில் 560 சதுர அடிதான். வரைபடம், படங்கள், பழைய ரசீது நகல் இணைத்துள்ளேன். நேரில் வந்து என் முன்னிலையில் அளந்து, வரியைத் திருத்தி, அதிகமாகக் கட்டிய தொகையை அடுத்த அரையாண்டில் கழித்துக்கொள்ள வேண்டுகிறேன். முடிவை எழுத்துமூலம் தெரிவிக்கவும்.”

கடைசி வாக்கியத்தை விட்டுவிட வேண்டாம் என்று பேத்தியிடம் சொல்லுங்கள். எழுத்தில் பதில் வந்தால்தான் அடுத்த படி ஏற முடியும்.