மனுவை வாங்குனாளா, இல்லையா?

கோவை சாயிபாபா காலனியிலும் வடவள்ளியிலும் இவரைப் பார்க்கலாம். கோபி, பொள்ளாச்சிப் பக்கத்துத் தோட்டத்து வீடுகளில் தெருவுக்கு ஒருவர், அல்லது தோப்புக்கு ஒருவர். வயது அறுபத்தைந்தைத் தாண்டியிருக்கும். மத்தியானச் சோறு முடிந்து ஏனம் கழுவியதும், செல்போனைத் தண்ணிச் சொம்பில் சாய்த்து வைத்து, யூடியூபில் 'உடான்' பார்க்க உட்கார்ந்துவிடுவார். நான் வைத்திருக்கும் பெயர் உடான் அத்தை.

'உடான்' 1989-இல் தூர்தர்ஷனில் வந்த இந்தித் தொடர். கல்யாணி சிங் என்ற பெண் ஐ.பி.எஸ். ஆகிற கதை. எழுதியவர், இயக்கியவர், காக்கியை மாட்டிக்கொண்டு நடித்தவர் எல்லாம் கவிதா சௌத்ரிதான். கதைக்கு மூலம் அவருடைய அக்கா காஞ்சன் சௌத்ரி பட்டாச்சார்யா. 1973 பேட்ச் ஐ.பி.எஸ்.; 2004-இல் உத்தராகண்ட் டி.ஜி.பி. ஆனார். இந்தியாவில் ஒரு மாநிலத்துக்கு டி.ஜி.பி. ஆன முதல் பெண். அத்தைக்கு இதெல்லாம் அநாவசியம். அவருக்குக் கவிதா சௌத்ரி என்றால் சர்ஃப் விளம்பரத்து லலிதாஜி. "சோப்புப் பவுடருக்கே அத்தன கணக்குப் பாத்தவ, ஸ்டேசன்ல ஆரையாச்சும் சும்மா உடுவாளா?"

அத்தைக்கு இந்தி தெரியாது. ஆன்டெனாவைக் கொடைக்கானல் பக்கம் திருப்பிப் பார்த்த காலத்திலும் தெரியாது, 2020 ஊரடங்கில் தூர்தர்ஷன் மறுபடி போட்டபோதும் தெரியாது. கதை மட்டும் ஒருநாளும் விளங்காமல் போனதில்லை. ஏனென்றால் இந்தக் கதைக்கு வேர் சொத்துத் தகராறு. அந்த அக்கா போலீசுக்குப் போனதே, சொத்துத் தகராறில் அப்பா அடிபட்டு, போலீஸ் வழக்கெடுக்க மறுத்ததால்தான். வரப்பை வெட்டுகிற பங்காளி, கிணற்றில் முறை மாற்றித் தண்ணி இறைக்கிற பெரியப்பா, வண்டித்தடத்தில் முள் வெட்டிப் போடுகிற சித்தப்பா என்று பார்த்து வளர்ந்த பெண்ணுக்கு இதைப் புரிந்துகொள்ள இந்தி எதற்கு?

இந்தி தெரிந்தவர்கள்தான் பாவம். கல்யாணி மூன்று நிமிடம் பேசினால் அத்தை மூன்றே சொல்லில் மொழிபெயர்த்துவிடுவார்: "பத்தரத்தக் காட்டுங்க"ங்கறா. கலெக்டராக வரும் சேகர் கபூருக்குக் கதையில் ஹரீஷ் மேனன் என்று பெயர். அது காதில் விழுந்த நாளிலிருந்து அவர் 'நம்ம பாலக்காட்டுப் பையன்'. எத்தனையாவது முறை பார்த்தாலும் கல்யாணியை எச்சரிக்காமல் இருக்க முடியாது. "எவனயும் நம்பாத அம்மிணீ!" இந்தத் தடவையாவது கேட்டுக்கொள்வாள் என்ற நம்பிக்கை.

மற்ற பெண் போலீசுக்கெல்லாம் அத்தையிடம் ஒரே தேர்வுதான். 'வைஜெயந்தி ஐ.பி.எஸ்.' விஜயசாந்தி அதில் தேறவில்லை. "ஒதைக்கறதுக்கு ஆளு எங்க வேணாலும் கெடைக்கும் கண்ணு. மனுவ வாங்கோணுமல்லொ?" டெக்ஸாஸ் மகள் வீட்டுக்குப் போனபோது 'கேக்னி அண்ட் லேசி' போட்டுக் காட்டினார்கள். நியூயார்க்கில் ரெண்டு பெண் துப்பறிவாளர்கள், 1980-களின் அமெரிக்கத் தொடர். லேசி டூட்டிக்குப் போக, வீட்டுக்காரன் ஹார்வி பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தார். பிறகு மருமகனை ஒரு பார்வை. மற்றபடி தீர்ப்பு அதேதான்: "கேசு மேல கேசாப் புடிக்கறாளுக, மனு வாங்கறதயே காணோம்."

தமிழ்நாட்டுப் போலீசில் முதன்முதலாகப் பெண்களைச் சேர்த்ததும் காஞ்சன் ஐ.பி.எஸ். ஆன அதே 1973-இல்தான். முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992-இல் சென்னை ஆயிரம்விளக்கில் வந்தது. அதற்கு மூன்று வருடம் முந்தியே அத்தை வீட்டு ஆசாரத்தில் ஒன்று நடந்துகொண்டிருந்தது. மருமகளின் நகை, பால்காரரின் அளவு, பக்கத்து வீட்டுச் சாக்கடை எல்லாம் அங்கேதான் விசாரணைக்கு வரும்.

போன மாதம் இப்படி ஓர் அத்தையின் பேத்திக்குப் பாஸ்போர்ட் விசாரணை. வந்த ஏட்டு செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"உங்க இன்ஸ்பெக்டரு பொம்பளைங்களா கண்ணு?"

"ஆமாங்கம்மா."

"மனு குடுத்தா வாங்குவாங்களா?"

"வாங்குவாங்கம்மா. சி.எஸ்.ஆர். ரசீதும் குடுப்பாங்க."

அத்தை எழுந்து உள்ளே போனார். காப்பிக்குத்தான் போகிறார் என்று ஏட்டு நினைத்தார். வந்தது மனு. வண்டித்தடத் தகராறு, மூன்று பக்கம், வரைபடத்தோடு. ஸ்டேசனில் வந்து கொடுங்கம்மா என்று ஏட்டு சொல்லிப் பார்த்தார். அத்தை காலண்டரில் ஒரு தாளைக் கிழித்துப் பேனாவோடு நீட்டினார். அதன் பின்பக்கத்தில் 'மனு பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தேதியும் வைத்த பிறகுதான் காப்பி வந்தது.