பத்து வருஷப் பல்லவி

டிவி சேனலுக்கு மாநில எல்லை ஏது? சென்னையில் நடக்கும் விவாதம் ஆந்திராவின் சத்தியவேடு டீக்கடையிலும் அலறுகிறது. “அம்பேத்கரே இடஒதுக்கீட்டைப் பத்து வருஷத்துக்குத்தான் கேட்டார்” என்று அரசியல் விமர்சகர் மேசையைத் தட்டுகிறார். டீ ஆறுவதற்குள் சரிபார்த்துவிடலாம்.

பத்தாண்டுக் கெடு இருப்பது அரசியலமைப்பின் 334-ஆம் பிரிவில். அது மக்களவை, சட்டமன்றத் தொகுதிகளுக்கானது. வேலைக்கான 16(4)-இலும், படிப்புக்காக 1951-இல் சேர்த்த 15(4)-இலும் ஆண்டுக் கணக்கே கிடையாது. அந்தப் பத்தும் அம்பேத்கர் ஆசைப்பட்டதல்ல. இன்னும் நீண்ட காலம் கேட்கத் தயாராக இருந்ததாக 1949 ஆகஸ்டில் அரசியல் நிர்ணய சபையிலேயே சொன்னார்.

கெடு உள்ளதையும் யார் ஆண்டாலும் பத்துப் பத்தாக நீட்டி, இப்போது 2030 ஜனவரிக்கு வந்து நிற்கிறது. சத்தியவேடே தனித்தொகுதி. பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இதையெல்லாம் யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

334-இன் கீழ் நிஜமாகவே காலாவதியான ஒன்று உண்டு: ஆங்கிலோ இந்தியர் நியமன இடங்கள், 2020 ஜனவரியில். அதைப் பற்றி மட்டும் விமர்சகர் மூச்சு விடுவதில்லை.